தெரிவிக்க வேண்டாம்

1

இந்தக் கதைக்கு நான்தான் காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எழுதியதால் அல்ல, ஒரு படிவம் எழுதியதால்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மூளை ஆய்வுக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பார்க்கின்சன் நோய் ஆரம்பித்த புதிதில் மூளைக்குள் என்னென்ன மாறுகிறது என்று படம் எடுத்துப் பார்க்கும் ஆய்வு. நோய் வந்தவர்கள் நாற்பது பேர், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள் நாற்பது பேர். அவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவம் ஒருவருக்கும் புரியாத தமிழில் இருந்தது. அதைப் புரிகிற தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தேன். பன்னிரண்டாவது கேள்வி இது:

“உங்கள் மூளைப் படத்தில் எதிர்பாராத ஏதாவது எங்களுக்குத் தென்பட்டால், அதை நாங்கள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா?”

கீழே இரண்டு கட்டங்கள். தெரிவிக்கவும். தெரிவிக்க வேண்டாம்.

அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. போன மாதம் ஒரு பெண் அந்தப் படிவத்தின் நகலை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நீட்டிய தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தாள், குடிக்கவில்லை. பன்னிரண்டாம் கேள்வியின் மேல் விரலை வைத்தாள்.

“இது நீங்க எழுதினதுதானே?”

“ஆமா.”

“இதுல ‘நாங்கள்’னு இருக்கே. அது யாரு? ஆஸ்பத்திரியா? நானும் அதுல சேர்த்தியா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத இடத்தில் கதை எழுத உட்கார்ந்துவிடுவது என் பழைய வியாதி. அவளிடம் அனுமதி கேட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “அண்ணன் என்ன வேலை பாக்குறார்னு மட்டும் மாத்திடுங்க.”*

* மாற்றிவிட்டேன். கதையில் அவர் லிஃப்ட் மெக்கானிக். உண்மையான வேலையும் உயரத்தில் நின்று, இன்னொருவர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு செய்கிற வேலைதான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “தன் வாழ்நாளில் பாதியை அவள் இருட்டறையில்தான்—”

வேண்டாம். இருட்டறை என்றதும் பேய்க்கதை வாசனை வந்துவிடுகிறது. அவளுடைய அறையில் ஜன்னல் உண்டு. திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள், அவ்வளவுதான்.

இரண்டாவது: “அவளுடைய அண்ணன் மிகவும் நல்ல—”

இதுவும் வேண்டாம். இரண்டாவது வரியிலேயே ஒருவரை நல்லவர் என்று சொன்னால், அவர் சாகப்போகிறார் என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள்.

ஆகவே அவள் வேலையிலிருந்து தொடங்குகிறேன். ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் கோடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எடுத்த மூளைப் படங்களைத் திரையில் பெரிதாக்கி, வேண்டிய பகுதியைச் சுற்றி மெல்லியதாக ஒரு கோடு போடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருட வேலை. நம் நடுமூளையில் கருமையாக ஒரு பட்டை இருக்கிறது. நாம் நினைத்ததும் கைகால் அசைவதற்கு வேண்டிய ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. நல்ல மூளையில் அந்தப் பட்டையின் நுனி இரண்டாகப் பிரிந்து குருவி வால் போலத் தெரியும். செல்கள் அழிய ஆரம்பித்தால் பிளவு மூடிக்கொள்ளும், வால் காணாமல் போகும். நோயாளிக்குக் கை நடுங்குவதற்கு வெகு முன்பே இது நடந்துவிடுகிறதா என்பதுதான் ஆய்வின் கேள்வி.

படத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நோயாளியா ஆரோக்கியமானவரா என்பதும் பார்ப்பவருக்குத் தெரியாது. தெரிந்தால் கண் பாரபட்சம் பார்க்கும். கோடக்கா ஒரு பக்கம், அண்மையில் சேர்ந்த ஒரு புது டாக்டர் இன்னொரு பக்கம், தனித்தனியாக உட்கார்ந்து ‘வால் உண்டு’, ‘வால் இல்லை’ என்று குறிப்பார்கள்.

3

நோயாளிகள் நாற்பது பேர் கிடைத்துவிட்டார்கள். ஆரோக்கியமானவர்களில் மூன்று பேர் குறைந்தார்கள். (இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு முக்கால் மணிநேரம் அசையாமல் படுத்திருக்கப் பொறுமை இல்லையாம்.) ஆய்வை நடத்தும் பேராசிரியை எல்லோரையும் கூப்பிட்டு, “ஐம்பது தாண்டினவங்க, உங்க வீட்டுல அக்கம்பக்கத்துல யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க” என்றார்.

அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். அவருக்கு ஐம்பத்தாறு வயது. தலைவலி என்று ஒரு மாத்திரை போட்டு அவள் பார்த்ததில்லை.

“எனக்கு மூளை இருக்குன்னு எழுதிக் குடுப்பாங்களா?” என்றார் போனில். “உங்க அண்ணிக்கு ரொம்ப நாளா அதுல ஒரு சந்தேகம்.”

சனிக்கிழமை காலை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். படிவத்தை நிதானமாகப் படித்தார். ஒவ்வொரு கேள்விக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தவர் பன்னிரண்டில் நின்றார். அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பேனா ‘தெரிவிக்க வேண்டாம்’ என்ற கட்டத்துக்குப் போனது.

“ஏன்ணா?”

“அம்மாவுக்கு இந்த நோய்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே அம்மா பாதி போயிட்டாங்க. மீதி எட்டு வருஷம் சும்மா இருந்தாங்க. வேண்டாம் பாப்பா, அது.”

(ஐம்பத்தொரு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.)

அவளும் படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்தாள். என்ன வந்துவிடப் போகிறது என்ற தைரியம்.

4

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு, நாற்பத்தேழாம் எண் படத்தைத் திறந்தாள்.

வேண்டிய பகுதி நடுவில் இருக்கிறது. அங்கே போக, படத்தில் மேலிருந்து ஒவ்வொரு குறுக்குவெட்டுத் தளமாக இறங்கிவர வேண்டும். நெற்றிக்குப் பின்னால், இடது பக்கம், பயறு அளவுக்கு ஒரு பழைய தழும்பு தெரிந்தது. அவள் விரல் மவுஸின்மேலேயே நின்றுவிட்டது.

அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது, மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் அவள் எறிந்துவிட்ட செருப்பை எடுக்க ஏறி, அண்ணன் விழுந்தார். அவருக்கு ஒன்பது வயது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முடியை விலக்கிப் பார்த்தால் அந்தத் தையல் இன்னும் தெரியும். உலகத்தில் அதே இடத்தில் தழும்பு உள்ளவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் காதுக்கு மேலே கொஞ்சம் சப்பையாக இருக்கும் அந்த மண்டையை அவளுக்குத் தெரியும். அம்மாவின் மண்டையும் அப்படித்தான்.

ஆளைத் தெரிந்துவிட்டால் அந்தப் படத்தை மூடிவிட்டு, பேராசிரியையிடம் சொல்லி, வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதுதான் விதி. அவளே பலருக்குச் சொல்லிக் கொடுத்த விதி.

அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள்.

இடது பக்கம் வால் இருந்தது. வலது பக்கம் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள், பக்கத்துத் தளத்துக்குப் போனாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிளவு இருக்க வேண்டிய இடம் அடைத்த ஜன்னல் மாதிரி மூடிக் கிடந்தது. மூளையின் வலது பக்கம் உடம்பின் இடது பக்கத்தை ஆள்கிறது.

வெளியே யாரோ, “கோடக்கா, சாப்பிட வரலையா?” என்றார்கள்.

“இதோ” என்றாள். ‘வால் உண்டு’ என்று குறித்தாள். மூடினாள். போய்ச் சாப்பிட்டாள்.

5

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். இருபத்திரண்டு வருடம் ஒரு கோடு பிசகாதவள் இப்படிச் செய்வாளா? வாசகர் நம்ப மாட்டாரே.

“நம்பலைன்னா விட்டுடுங்க” என்றாள். “எனக்கே நம்பிக்கை இல்ல. கை போட்டுடுச்சு.”

“அப்போ என்ன நெனச்சீங்க?”

“ஒண்ணும் நெனைக்கல. நான் ‘இல்ல’ன்னு போட்டா அது நிஜமாயிடும்னு இருந்துச்சு. அவ்ளோதான்.”

(இதைவிட நல்ல காரணம் ஒன்றை யோசித்து வைத்திருந்தேன், ஒரு பக்கத்துக்கு. கிழித்துவிட்டேன்.)

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவள் தான்தான் என்று தோன்றியது. அவள் கூப்பிட்டிருக்காவிட்டால் அவர் வந்தே இருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வீட்டுக்கு வந்தபோது, வாசலிலிருந்து அவர் நடந்து வருவதைப் பார்த்தாள். வலது கை வீசி வந்தது. இடது கை, பை எதையும் தூக்காமலேயே பை தூக்கிய கை மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அடுப்பில் பால் தீய்ந்தது. அண்ணி கூடத்திலிருந்தே மூக்கைச் சுளித்தாள். அண்ணன் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“உனக்கு வாசனை வரலையாண்ணா?”

“ஜலதோஷம்” என்றார். அவர் குரலில் ஜலதோஷம் இல்லை. இந்த நோயில் கை நடுங்குவதற்கு முன்பே மூக்கு மரத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

6

மறு வாரம் பேராசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். புது டாக்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். எண்பது படங்களில் ஏழில் இருவருடைய குறிப்பும் ஒத்துப்போகவில்லை. மூன்று பேருமாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஆறு படங்கள் சுலபமாக முடிந்தன. ஏழாவது திரையில் வந்தது.

“நாற்பத்தேழு” என்றார் பேராசிரியை. “இவர் ‘இல்லை’ன்னு போட்டிருக்கார். நீங்க ‘உண்டு’ன்னு போட்டிருக்கீங்க.”

புது டாக்டர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினான். “எனக்குத்தான் அனுபவம் பத்தாது மேடம். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். மாத்திக்கிறேன்.”

அந்த ஒரு வார்த்தையில் பிழைத்துப் போயிருக்கலாம். (நானாக இருந்தால் பிழைத்துப் போயிருப்பேன்.) அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. அவள் இப்போது தலையசைத்தால், தன் கண்ணைத் தானே நம்பாமலிருக்க அவன் கற்றுக்கொண்டுவிடுவான்.

“மாத்தாதீங்க” என்றாள். “நீங்க போட்டதுதான் சரி.”

பேராசிரியை திரையிலிருந்து பார்வையை எடுத்து அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“எப்போலேர்ந்து?”

“பாத்த நிமிஷத்துலேர்ந்து.”

புது டாக்டரை வெளியே போகச் சொன்னார். அவன் போன பிறகும் அவர் சத்தம் போடவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் பார்த்த எண்பதையும் வேறொருவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும், ஆய்வு முடியும்வரை அவள் படங்களைத் தொடக்கூடாது, நடந்ததை எழுதி ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள்.

“இன்னொண்ணு” என்றார். “ஒரு படத்தை வச்சு யாருக்கும் நோய்னு சொல்ல முடியாது. வால் தெரியாமலே நல்லா இருக்கறவங்களும் இருக்காங்க. இது உங்களுக்கே தெரியும்.”

“இடது கை வீச மாட்டேங்குது மேடம்.”

பேராசிரியை திரையை அணைத்தார். “வேண்டாம்னு டிக் போட்டவருக்கு நாம சொல்ல முடியாது. நீங்களும்தான்.”

“அவர் லிஃப்டு மேல ஏறி நிக்கிறவர். கீழே குழிக்குள்ள இன்னொருத்தர் இருப்பார். லிஃப்டை நிறுத்துற சிவப்புப் பொத்தானை ஒரு விநாடி தாமதிச்சு அழுத்தினா...”

அந்த வாரம்தான் அவள் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

7

முடிவுகளில் ஒன்று: சொல்லிவிடுகிறாள். அண்ணன் உடைந்துபோகிறார். அம்மாவைப் போலவே மீதி வருடங்கள்— (எழுதிப் பார்த்தேன். அண்ணன் என் பேச்சைக் கேட்கவில்லை. உடைகிற ஆளாக அவர் வரவே மாட்டேன் என்கிறார்.)

இன்னொன்று: சொல்லாமலேயே இருக்கிறாள். ஒரு நாள் லிஃப்ட்— (இதை நான் எழுத மாட்டேன். குழிக்குள் இருக்கும் அந்த மனிதருக்கு மூன்று பெண்கள்.)

நடந்தது என்னவென்றால், ஒரு வியாழக்கிழமை காலை அவள் லீவு போட்டுவிட்டு அண்ணன் வேலை பார்க்கும் இடத்துக்குப் போனாள். பதினான்கு மாடிக் கட்டடம். ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்று பலகை தொங்கியது. படியேறினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியபோது, தங்கையாகத் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வது என்று தீர்மானித்தாள். ‘நடையைப் பார்த்தேன், மூக்கைப் பார்த்தேன், படத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. இதில் விதி எங்கே மீறப்பட்டது?’ மடியில் கனமிருந்தவளுக்கு வழியெல்லாம் வாதம்.

மொட்டைமாடியில் மோட்டார் அறை. கிரீஸும் சூடான இரும்புமாக வாசனை. அண்ணன் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவிட்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் இருந்த துவாரம் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். லிஃப்ட் கூண்டின் மேல், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, பருத்த மீசைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அண்ணனின் கூட்டாளி. எல்லோரும் அவரை மீசை என்றே கூப்பிடுவார்கள்.

“கூண்டு மேல நீதானே ஏறுவே?” என்றாள்.

“எட்டு மாசமா அவன்தான் ஏறுறான்.”

“ஏன்?”

“இடுப்பு வலின்னு சொல்லியிருக்கேன்.” அவள் முகத்தைப் பார்த்தார். “பதினாலு மாடி ஏறி வந்திருக்கே. உக்காரு.”

அவள் உட்காரவில்லை. தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னாள். “உன் இடது கை வீசவே மாட்டேங்குதுண்ணா. பால் தீஞ்சது உனக்குத் தெரியல. ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்.”

“இதைச் சொல்றது பாப்பாவா, கோடக்காவா?”

ஆயிரம் வாதம் யோசித்து வந்தவள் சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

அண்ணன் எழுந்து, சுவரில் சங்கிலியில் தொங்கிய தடித்த நோட்டை எடுத்தார். அந்த லிஃப்டின் பராமரிப்புப் பதிவு. மாதத்துக்கு ஒரு முறை தேதி போட்டு, பார்த்த வேலையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது வருடமாக அங்கே எழுதுவது அவர் ஒருவர்தான். முதல் பக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினார். ‘கம்பி வடம் சரி. பிரேக் சரி.’ கோட்டை முட்டுகிற உருண்டை எழுத்துகள். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நாலு வருடத்துக்கு முன்பு வரியின் முடிவில் எழுத்து கொஞ்சம் சிறுத்தது. மூன்று வருடத்துக்கு முன்பு வரி முழுவதும் சிறுத்தது. கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்து போன மாதிரி இருந்தது. அதே வார்த்தைகள்தான். கம்பி வடம் சரி. பிரேக் சரி.

“படிக்க முடியுதா?” என்றார். “எனக்கே கண்ணாடி வேண்டியிருக்கு.”

“தெரியுமா உனக்கு?”

“அம்மாவும் பால்காரர் நோட்டுல இப்படித்தான் எழுதினாங்க. டாக்டர் சொல்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.”

“தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு வந்து படுத்தே?”

“மூணு பேர் குறையுதுன்னு அலைஞ்சே. வரலைன்னா ஏன்னு கேப்பே.” நோட்டை வாங்கி மூடினார். “இல்லாமலும் இருக்கலாம்னு ஒரு நப்பாசை.”

“அப்போ ஏன் வேண்டாம்னு டிக் போட்டே?”

அவர் துவாரத்தின் வழியே கீழே பார்த்து, மீசைக்குக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

“படம் உன் கண்ணுக்குத்தான் வரும்னு எனக்குத் தெரியாதா பாப்பா? வேணும்னு போட்டா நீதானே என்கிட்ட வந்து சொல்லணும். அம்மாவுக்குச் சொன்ன டாக்டர் யாரோ எவரோ. உனக்கு அது வேண்டாம்னுதான்.”

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “அந்த டிக்குதான்ணா என் வாயைக் கட்டிப்போட்டுது. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை பொய் எழுதினேன். தெரியுமா உனக்கு?”

“நீயா?”

“நான்தான்.”

அண்ணன் அதை எதிர்பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மடியில் கிடந்த இடது கையின் கட்டைவிரல், யாரும் கேட்காமலேயே, எதையோ உருட்டுவது போல அசைந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் பார்ப்பது இருவருக்கும் தெரிந்தது.

“படத்துல என்ன இருந்துச்சுன்னு மட்டும் நீ சொல்லாத” என்றார் அவர். “டாக்டர்கிட்ட போறேன். அவர் பாத்துச் சொல்லட்டும்.”

“நானும் வரேன்.”

“ஆஸ்பத்திரி வரைக்கும் வா. உள்ள வேண்டாம்.”

8

அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் இன்று. காலை முதல் நான் இந்தக் கடைசிப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் அங்கிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

‘அண்ணன் டோக்கன் ஒன்பது. இப்போ ஆறு.’

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லையாம். மீசையிடம் நேற்றுச் சொல்லிவிட்டாராம். மீசை, “இடுப்பு வலிக்காரன் இப்படிப் படியேறுவானா? எனக்கு அப்பவே தெரியும்” என்றாராம். ஆய்வுக்கூடத்தில் அவள் இப்போது கோப்புகளுக்கு எண் ஒட்டுகிறாள். புது டாக்டர் தினமும் வந்து ஏதாவது ஒரு படத்தைப் பற்றிக் கேட்கிறான். பதில் சொல்லாமல் அனுப்பிவிடுகிறாளாம்.

‘ஏழு உள்ள போயாச்சு.’

பேராசிரியையிடமிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. பன்னிரண்டாம் கேள்வியைத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூன்று நாளாக முயல்கிறேன். “உங்களுக்கு வேண்டியவர் ஒருவர் எங்களில்—” “உங்கள் படத்தைப் பார்ப்பவர் உங்கள்—” இரண்டும் பாதியில் நிற்கின்றன.

‘எட்டு. அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுப் பாக்குறார். மேல் பொத்தான் மாட்ட மாட்டேங்குது. நான் கைய நீட்டல.’

பிறகு இன்னொன்று: ‘அண்ணன் என்னை உள்ள கூப்பிடுவாரா, என்ன நெனைக்கிறீங்க?’

நான் என்ன நினைப்பது? கதை எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று மக்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அவர் திரும்பி “வா பாப்பா” என்பார், உங்களுக்கும் மனசு ஆறும். அல்லது தனியாகவே எழுந்து போவார், கதவு சாத்திக்கொள்ளும், அதிலும் ஒரு அழகு உண்டு. இரண்டுமே என் கைக்கு வருகின்றன. ஆனால் ஒருவருடைய வாயில் எந்தப் பதில் இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒரு முறை நான் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன். இன்னொரு முறை செய்ய மாட்டேன்.

அங்கே வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அண்ணன், ஒன்றில் தங்கை. கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வெளியே வருகிறாள், கையில் சீட்டு. “ஒன்பது” என்கிறாள்.

எழுந்தது ஒருவரா இருவரா என்பதை, அந்த நாற்காலிகளைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள்.